விஞ்ஞானக் காட்சிசாலை: ஒரு நாட்செலவு தகுமா?

லண்டன் மாநகரத்து விஞ்ஞானக் காட்சிசாலையின் வாயிலில் கட்டணம் கிடையாது. ஆயினும் வெளியூரிலிருந்து மனைவி மக்களுடன் அங்கே சென்று திரும்பும் ஒரு தொழிலாளியைக் கேளுங்கள். ரயில் சத்தம், நடுப்பகல் ஆகாரம், குழந்தைகள் பிடிவாதம் பிடித்து வாங்கும் விளையாட்டுச் சாமான்கள் ஆகியவற்றிலேயே பணப்பை காலியாகிவிட்டது என்பான். இத்தனை திரவியம் செலவிட்டு ஒரு நாளைக் கழிப்பது தகுமா என்று அவன் கேட்பது நியாயமான கேள்வி. படித்தவர்கள் அதை அலட்சியமாகத் தள்ளிவிடுதல் முறையன்று.

தகும் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எல்லா மாடிகளையும் ஒரே நாளில் ஓடியோடிப் பார்ப்பவன் கால்வலியைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவான். அச்சாலையின் சேகரத்தில், போல்ட்டன், வாட் என்னும் இருவர் 1788-ஆம் ஆண்டில் நிர்மாணித்த நீராவி யந்திரம் ஒன்று உண்டு. பர்மிங்ஹாமை அடுத்த ஸோஹோ தொழிற்சாலையில் அது 70 ஆண்டுகள் உழைத்தது. உலோகத்துக்கு மெருகேற்றும் 43 கருவிகளை ஓட்டியது. அதில் கனத்த குண்டுகள் இரண்டு சுழலும். வேகம் மிஞ்சினால் குண்டுகள் விலகி உயர்ந்து, நீராவி வரும் வழியைக் குறுக்கும். வேகம் தணிந்தால் அவையும் தாழ்ந்து வழியைத் திறக்கும். யந்திரம் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் இவ்விந்தையைப் படத்தில் காட்டி அரைமணி நேரம் விளக்கினாலும் சிறுவன் கொட்டாவி விடுவான். எதிரே நின்று, குண்டிலிருந்து அடைப்பான் வரையில் செல்லும் இரும்புக் கைகளைக் கண்ணால் தொடர்ந்தானாகில் தானே கண்டுகொள்வான். இவ்வொன்றை அறிந்து திரும்பினாலே ரயில் சத்தம் வீணாகவில்லை.

இனி வாயிற் கட்டண விஷயம். இச்சாலைக்கு மூலமான காட்சிசாலை 1857-இல் சௌத் கென்ஸிங்டனில் திறக்கப்பட்டபோது, அதன் தலைவர் ஹென்றி கோல் மாலை வேளைகளிலும் வாயு விளக்கேற்றித் திறந்துவைத்தார். பகலெல்லாம் உழைப்பவன் வேறெப்போது வருவான்? வாரத்தில் மூன்று நாள் இலவசம்; மற்ற மூன்று நாட்களுக்கு ஆறு பென்னி. பிற்காலத்தில், 1988-இல், எல்லோருக்குமே கட்டணம் விதித்தார்கள். 2001 டிசம்பரில் அது ரத்தானதும் ஜனக்கூட்டம் பெருகிற்று. முன்பு வந்தவர்களே பன்முறை வந்தார்களென்றும், ஏழைகள் அதிகமாக வரவில்லையென்றும் ஒரு கட்சியார் வாதிக்கிறார்கள். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அது ஏழைச் சிறுவனுக்கு ரயில் சத்தம் கொடுப்பதற்குக் காரணமாகுமேயன்றி, மீண்டும் கதவைச் சாத்துவதற்குக் காரணமாகாது.

நமக்கு வருத்தமளிப்பது வேறொன்று. குழந்தைகள் தம் கையாலேயே சோதனை செய்து பார்ப்பதற்கென்று 2016-இல் அங்கே 'ஒண்டர்லாப்' என்னும் கூடம் திறந்தார்கள். அதனுள் நுழையச் சீட்டு வாங்கவேண்டும். பெருந்திரைச் சினிமாவுக்குப் பணம் வாங்கட்டும், நமக்கு ஆக்ஷேபமில்லை. கண்ணாடிக்குள் இருப்பதை இனாமாகக் காட்டிவிட்டு, கைவைத்துக் கற்குமிடத்துக்கு விலை கூறுவது எந்த நியாயமென்று நிர்வாகிகள்தான் சொல்லவேண்டும்.