மீன் சாப்பிடலாம், எந்த மீன்?

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் யாருக்காவது நாள் தள்ளிப்போனால் என்னிடம் ஒரு கேள்வி வந்துவிடும்: "டீச்சர், மீன் சாப்பிடலாமா?" கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவள் என்பதால் இந்த மரியாதை. சாப்பிடலாம். எந்த மீன், எவ்வளவு என்பதில்தான் விஷயம். காரணம், மீனில் சேரும் பாதரசம்.

ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊர். அங்கே சிஸ்ஸோ ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. மீன் தின்றவர்களுக்குக் கை கால் மரத்தது, நடை தள்ளாடியது. 1956-ல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அதே ஊரில் பிறவியிலேயே மூளை பாதித்த பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் மீனை வாயில் வைத்ததே இல்லை. பெற்றவளுக்கோ பெரிதாக ஒன்றுமில்லை. நஞ்சுக்கொடி கெட்டதை உள்ளே விடாது என்று நம்பிய காலம் அது; எனவே இது வேறு நோய் என்று ஒதுக்கினார்கள்.

மசாசுமி ஹராதா என்ற இளம் மருத்துவர் மட்டும் தாய்மார் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார். 1962-ல் இதுவும் மினமாட்டா நோயே என்று ஏற்றார்கள். ஜப்பானியர் தொப்புள்கொடியைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவார்கள், நம்மூரில் தாயத்தில் அடைக்கிறோமே, அதுமாதிரி. பின்னாளில் ஹராதா அவற்றைச் சேகரித்து அளக்கச் செய்தார். அவற்றில் மெத்தில் பாதரசம், அதாவது மீனில் சேரும் பாதரச வடிவம், இருந்தது. தொப்புள்கொடி ரத்தத்தில் அது தாயின் ரத்தத்தைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு சேர்கிறது. தாய் நன்றாக இருக்கிறாள் என்பதை வைத்துப் பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

சரி, எவ்வளவு வரை ஆபத்தில்லை? கர்ப்பிணிக்குக் கொடுத்துப் பார்க்க முடியுமா? முடியாது; ஏற்கெனவே தின்பவர்களைத்தான் கவனிக்க வேண்டும். திமிங்கில இறைச்சி தின்னும் ஃபரோ தீவுகளில் 1986, 87-ல் பிறந்த ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கருவில் பாதரசம் அதிகம் சேர்ந்தவர்களுக்கு ஏழு வயதில் மொழி, கவனம், நினைவாற்றலில் சிறு பின்னடைவு தெரிந்தது. மீனே பிரதான உணவான சீஷெல்ஸ் தீவுகளிலோ அப்படித் தெளிவாக எதுவும் தென்படவில்லை. அமெரிக்க நிபுணர் குழு 2000-ல் ஃபரோ ஆய்வையே ஆதாரமாகக் கொண்டது. என்னைக் கேட்டால் சரிதான். பிள்ளை விஷயத்தில் பயந்தவர் பேச்சைக் கேட்பதே மேல். பாதிப்பு தெரியத் தொடங்கும் அளவைக் கணக்கிட்டு, உடம்புக்கு உடம்பு மாறும் என்பதால் பத்தால் வகுத்தார்கள். கிடைத்த எல்லை: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, நாளொன்றுக்கு 0.1 மைக்ரோகிராம். இதைத் தாண்டிய உடனே பிள்ளைக்குக் கேடு என்று பொருளில்லை. இதற்குள் இருந்தால் கவலை வேண்டாம்.

60 கிலோ பெண்ணுக்கு வாரம் 42 மைக்ரோகிராம். அமெரிக்க அளவீடுகளில் ஒரு கிராம் சுறாவில் சராசரியாக ஒரு மைக்ரோகிராம் பாதரசம். 42 கிராம், அதாவது ஒரு சின்னத் துண்டிலேயே வாரக் கணக்கு முடிந்தது. சாளையில் 0.013தான், மூன்று கிலோ தின்றாலும் எல்லைக்குள். சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, பாதரசம் மேலே மேலே சேர்கிறது.

உடம்பில் சேர்ந்தது பாதியாகக் குறையவே சுமார் 50 நாள் ஆகும். எனவே பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே சுறாவை நிறுத்துங்கள். சாளை, நெத்திலிக் குழம்பு வாரம் இரண்டு மூன்று நாள் தாராளமாக வையுங்கள். பால் ஊறுவதற்குச் சுறாப்புட்டு கிண்டித் தரும் மாமியார்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்: பிள்ளை பால் மறக்கும்வரை அது வேண்டாம்.