கோபத்துக்கு வைத்தியம்: காசு எவ்வளவு ஆகும்?

உங்கள் வீட்டில் யாருக்காவது மூக்குக்கு மேல் கோபம் வருமா? சாம்பாரில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும். டி.வி. ரிமோட் கிடைக்காவிட்டால் வீடே அதிரும். "அவர் சுபாவமே அப்படி, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டார்" என்று இத்தனை வருஷம் சமாளித்திருப்பீர்கள். இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வாசலில் பைக் சத்தம் கேட்டதும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்விடுகிறார்கள். சொந்தக்காரர் ஒருவர், "நல்ல கவுன்சலிங்குக்கு கூட்டிட்டுப் போங்க" என்கிறார். விசாரித்தால், சென்னை மாதிரி ஊரில் ஒரு தடவைக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு, சில இடங்களில் அதற்கும் மேலே! எட்டுப் பத்துத் தடவையாவது வரணுமாம். "சும்மா உக்காந்து பேசறதுக்குப் பதினஞ்சாயிரமா? ஒரு வாஷிங் மெஷினே வாங்கிடலாமே!"

நியாயமான கேள்விதான். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் பல பேர் என் மருந்தகத்துக்கு வருகிறார்கள். "பித்தம் ஏறினா கோபம் வரும்னு சொல்வாங்களே, அதைக் குறைக்க ஒரு லேகியம் கொடுத்துடுங்க டாக்டர்."

சித்த மருத்துவம் கோபத்தைப் பித்தத்தோடு சேர்த்துச் சொல்வது உண்மை. நாடி பார்க்கிறோம், உணவில் காரத்தையும் புளியையும் குறைக்கச் சொல்கிறோம், வாரம் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறோம். உடம்பின் சூடு தணியும், தூக்கம் நன்றாக வரும். தூக்கம் வந்தாலே சிடுசிடுப்பு கொஞ்சம் அடங்கும். அதெல்லாம் சரி. ஆனால், எதிர்த்து ஒரு வார்த்தை வந்தால் கை ஓங்குகிற பழக்கத்தை எந்தச் சூரணமும் மாற்றாது. முப்பது வருஷமாக மருந்து கொடுத்துவருகிற நானே இதைச் சொல்கிறேன்! அறிவுரையும் மாற்றாது. திருக்குறளில் 'வெகுளாமை' என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. அந்தப் பத்துக் குறளையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறவர் வீட்டிலும் டம்ளர் பறக்கத்தான் பறக்கிறது.

முதலில் உடம்பைப் பாருங்கள்

பெரிய செலவுக்குப் போவதற்கு முன்னால் சின்னச் செலவு ஒன்று உண்டு. சமீபத்தில்தான் கோபம் அதிகமானது என்றால் காரணம் உடம்பிலும் இருக்கலாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பும் எரிச்சலும் வரும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால், சர்க்கரை இறங்கி எரிந்து விழுவார். ராத்திரி பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வருகிறவருக்குத் தூக்கம் பாழ், பகலெல்லாம் கடுகடுப்பு. தீராத மூட்டுவலி, மாதவிலக்கு நிற்கிற காலம், குடிப்பழக்கம் எல்லாமே காரணமாகலாம். மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டு மூலையில் உட்காருவதுதான் என்று நினைக்காதீர்கள். பல ஆண்களுக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். வயதானவர் திடீரென்று குணம் மாறிக் கத்த ஆரம்பித்தால், "வயசாச்சு, அப்படித்தான்" என்று விடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். அரசு மருத்துவமனையில் அதுவும் இல்லை.

இதெல்லாம் பார்த்து ஒன்றும் இல்லை என்றால்தான் பேச்சு வைத்தியம் பற்றிய கேள்வி வருகிறது.

அந்தக் காசு எதற்கு?

'சும்மா பேசறதுக்கு' இல்லை. கோபத்துக்கென்று முறையான பயிற்சியை ரேமண்ட் நோவாகோ என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1975-ல் புத்தகமாகவே எழுதினார். அதை ஒட்டித்தான் இன்றைக்கும் பல இடங்களில் சிகிச்சை நடக்கிறது. எந்த நேரத்தில், யாரிடம், என்ன வார்த்தைக்குக் கோபம் வந்தது என்று முதல் சில வாரம் எழுதிவரச் சொல்வார்கள். அந்த நொடியில் மனசுக்குள் ஓடிய நினைப்பு என்ன? 'இவ என்னை மதிக்கலை' என்பதா, 'எல்லாரும் என்னை ஏமாத்தறாங்க' என்பதா? அதைப் பிடிப்பார்கள். பிறகு மூச்சை மெதுவாக்கி உடம்பைத் தளர்த்தப் பழக்குவார்கள். கடைசியாக, கோபம் வரும் சந்தர்ப்பத்தை அங்கேயே நடித்துப் பார்த்து, வேறு மாதிரி பதில் சொல்லப் பயிற்சி கொடுப்பார்கள். சைக்கிள் பழகுவது போலத்தான். ஒரே நாளில் வராது. அதனால்தான் எட்டுப் பத்துத் தடவை.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "கோபத்தை அடக்கினா உடம்புக்கு ஆகாது. கத்தித் தீர்த்துடணும், தலையணையைக் குத்தணும்" என்பார்கள். 2024-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கொட்டித் தீர்ப்பதால் கோபம் குறைவதாகத் தெரியவில்லை. மூச்சுப் பயிற்சி, தியானம், யோகம், தசைகளைத் தளர்த்துதல் என்று படபடப்பை இறக்குகிறவைதான் பலன் தந்தன. மெதுவோட்டம்கூட கோபத்தை ஏற்றிவிடும் போக்கையே காட்டியதாம்! நம் ஊர் மூச்சுப் பயிற்சிக்கு இது நல்ல செய்தி; அதற்குக் கட்டணமும் கிடையாது.

கோபம் ஏற்கெனவே வாங்குகிற காசு

என்னிடம் வயிற்றெரிச்சலுக்கு வந்த ஒரு வங்கி ஊழியரிடம், "ரெண்டு வருஷத்துல கோபத்தால உங்களுக்கு என்ன செலவாச்சு, ஒரு சீட்டுல எழுதுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர், எழுத எழுத மௌனமாகிவிட்டார். செல்போன் இரண்டு. அலமாரிக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் குத்திய கைக்குத் தையல். சிக்னலில் சண்டை போட்டு, அடுத்தவர் காருக்குக் கட்டிய பணம். மனைவியின் தலைவலிக்கும் தூக்கத்துக்கும் டாக்டர் செலவு. பத்தாவது படிக்கும் மகனை, "வீட்ல படிக்க மாட்டேங்கறான்" என்று சேர்த்த டியூஷன் ஃபீஸ். கடைசி வரி எழுதும்போது, "இதையும் சேர்க்கணுமா டாக்டர்?" என்றார். சேர்க்கத்தான் வேண்டும் என்றேன். பையன் ஏன் வீட்டில் படிக்கவில்லை என்பது அவருக்கே தெரியும்.

இன்னொரு கேள்வியும் கேட்டேன். "மேனேஜரை எப்பவாவது இப்படித் திட்டியிருக்கீங்களா?"

"சேச்சே, அவர்கிட்ட எப்படி..."

அப்படியானால் பிரேக் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. வீட்டு வாசல்படியைத் தாண்டியதும் அதில் கால் வைப்பதில்லை, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தைக் கொண்டுவரத்தான் பயிற்சி, அதற்குத்தான் ஃபீஸ். அவர் போனார். ஒன்பது தடவை என்று ஞாபகம்.

குறைந்த செலவில் முடியுமா?

முடியும். 14416 என்ற எண் மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை. 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். ஆளை அழைத்துக்கொண்டு போகத் தயங்குகிறவர்கள் முதலில் இங்கே ஒரு போன் போடுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மனநல டாக்டர் வருவார். எந்த நாள் என்று விசாரித்து வையுங்கள். சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்றாலே கேலி செய்து பழகிவிட்டோம். 1794-ல் தொடங்கிய அந்த மனநலக் காப்பகத்தின் புறநோயாளிப் பிரிவுக்கு, வேலைக்குப் போய்க்கொண்டே சிகிச்சை பெறுகிறவர்களும் வருகிறார்கள். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன்: அரசு இடங்களில் கூட்டம் அதிகம். முக்கால் மணி நேரம் உட்காரவைத்துப் பேச எல்லா நாளும் முடியாது.

தனியாரிடம் போவதானால் கூச்சப்படாமல் கேளுங்கள். "மொத்தம் எத்தனை தடவை ஆகும்? ஃபீஸைக் குறைக்க முடியுமா? முதல் மாசம் வாராவாரம் வந்துட்டு, அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வரலாமா?" மளிகைக் கடையில் பேரம் பேசுகிறவர்கள் இங்கே வாய் மூடிக்கொள்கிறார்கள்! கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 'ஏழே நாளில் கோபம் போகும்' என்று மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்கிற இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

இன்சூரன்ஸ்? உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். உட்கார்ந்து பேசிவிட்டு வருகிற ஃபீஸுக்கு, புறநோயாளிச் செலவும் அடங்கிய பாலிசியாக இருக்க வேண்டும். உங்கள் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

அடி விழுகிற வீட்டில்...

இதுவரை சொன்ன கணக்கெல்லாம் கத்துகிற, பொருளை உடைக்கிற வீட்டுக்கு. அடி விழுகிறது, கழுத்தைப் பிடிக்கிறார், 'கொன்னுடுவேன்' என்கிறார் என்றால் கதை வேறு, சகோதரிகளே. "கவுன்சலிங் போறேன்னு சொல்லியிருக்கார், பார்க்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து தம்பதி ஆலோசனைக்கும் போக வேண்டாம். அங்கே நீங்கள் வாய் திறந்ததற்கு வீட்டில் அடி விழும். முதலில் நீங்களும் குழந்தைகளும் பத்திரமான இடத்துக்குப் போங்கள். 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள், அதற்குக் காசில்லை. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவருக்கு வைத்தியம் அப்புறம்.

மற்றவர்களுக்கு ஒரு யோசனை. முதல் நாள் போகும் முன்பு ஒரு வாரம், கோபம் வந்த நேரம், இடம், அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டார், எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று அவரையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயரையும் அதில் குறியுங்கள், சித்த மருந்து உட்பட. முதல் நாள் நேரத்தில் பாதி இந்த விவரம் கேட்பதிலேயே போய்விடும். நோட்டோடு போனால் அந்த நேரமும் மிச்சம், அதற்கான காசும் மிச்சம்.