பிரதமரை மாற்றினார்கள், மந்திரிகளை மாற்றவில்லை

போன மாதம் நம் சங்க நூலகத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். உதவிக்கு வந்திருந்த பெண், நம் அன்பர் ஒருவரின் மகள், கல்லூரியில் அரசியல் படிக்கிறவள். 1997 ஆம் வருஷத்து இதழ்கள் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "மாமா, ஏப்ரலில் காங்கிரஸ் சொன்னதும் பிரதமரையே மாற்றிவிட்டார்கள். நவம்பரில் மூன்று மந்திரிகளை எடுக்கச் சொன்னதற்கு முடியாது என்று ஆட்சியையே விட்டுவிட்டார்கள். பிரதமரைவிட மந்திரி பெரியவரா?"

"அந்த ஆட்சியில் ஆமாம்" என்றேன். சிரித்தாள். ஆனால் நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஐக்கிய முன்னணி ஆட்சியை நம்மில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1996 ஜூன் முதல் 1998 மார்ச் வரை நடந்தது. பிரதமர்கள் இருவர்: முதலில் தேவ கௌடா, பிறகு குஜ்ரால். பிள்ளைகளுக்கு அது பாடப்புத்தகத்தில் ஒரு பாரா. நமக்கோ, தமிழ்நாட்டுக் கட்சிகள் டில்லியில் அத்தனை கனத்தோடு வந்து உட்கார்ந்த காலம் அது.

1996 தேர்தலில் மக்களவையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. வேண்டியது 272. பா.ஜ.க.வுக்கு 161, காங்கிரஸுக்கு 140. வாஜ்பாயி மே 16 இல் பதவியேற்று, 13 நாளில் விலகினார். எஞ்சிய கட்சிகளில் 13 சேர்ந்து ஐக்கிய முன்னணி என்று பெயர் வைத்துக்கொண்டன. ஜனதா தளம், சமாஜ்வாதி, கம்யூனிஸ்டுகள், தெலுங்கு தேசம், அசாம் கண பரிஷத், தி.மு.க., தமிழ் மாநில காங்கிரஸ் முதலியவை. முழு இடதுசாரி என்று சொல்ல முடியாது, நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் சாய்ந்தது எனலாம். காங்கிரஸ் மந்திரி சபையில் சேராமல் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தது.

பிரதமரின் கட்சியான ஜனதா தளத்துக்கு இருந்த இடம் 46 தான். மூப்பனாரின் த.மா.கா.வுக்கு 20, தி.மு.க.வுக்கு 17, ஆக 37. இந்திய கம்யூனிஸ்ட் கட்சி தமிழ்நாட்டில் வென்ற 2 இடங்களையும் சேர்த்தால் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் முன்னணிப் பக்கம். பிரதமருக்கு சொந்த பலம் 46 என்றால், அவருக்குப் பக்கத்தில் நின்ற தமிழ்நாட்டு பலம் அதற்கு ஏழே குறைவு.

பிரதமர் நாற்காலியோ வேண்டாமென்று கைமாறி வந்தது. வி.பி. சிங்கைக் கேட்டார்கள், அவர் மறுத்தார். ஜோதி பாசுவைக் கேட்டார்கள், அவருடைய கட்சி மறுத்தது. அது சரித்திரப் பிழை என்று பாசுவே பின்னால் சொன்னார். கடைசியில் கர்நாடக முதலமைச்சராக இருந்த தேவ கௌடாவிடம் வந்து நின்றது. அவர் அப்போது பாராளுமன்ற உறுப்பினர்கூட இல்லை. ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும் என்பது சட்டம், அதன்படி ராஜ்யசபைக்கு வந்தார். அந்த வருஷம் செங்கோட்டையில் சுதந்திர தின உரையை இந்தியில்தான் செய்தார், கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தார் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் சார்ட்டர்ட் பஸ்ஸில் வடக்கத்தி நண்பர்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஊருக்கு வந்த புதிதில் காய்கறிக்காரனிடம் கேட்க வேண்டியதைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு போனவன் நான்.

மந்திரிகளைப் பிரதமரின் ஆலோசனைப்படி ஜனாதிபதி நியமிக்கிறார் என்று அரசியல் சட்டத்தின் 75 ஆவது ஷரத்து சொல்கிறது. எழுத்தில் அப்படி. கூட்டணி ஆட்சியில் நடப்பது வேறு. எந்தக் கட்சிக்கு எத்தனை இடம், எந்தத் துறை என்று முதலில் பேசி முடிக்கிறார்கள். யார் என்பதைக் கட்சித் தலைவர் சொல்கிறார். முன்னணியில் இதற்கு மேலாக ஒரு வழிநடத்தும் குழுவும் இருந்தது. அதை ஒருங்கிணைத்தவர் சந்திரபாபு நாயுடு, ஹைதராபாத்தில் முதலமைச்சராக இருந்துகொண்டே. என்ன செய்வது, எதைத் தொடக்கூடாது என்பதற்குக் குறைந்தபட்சப் பொதுத் திட்டம் என்று ஒரு கையேடு. ஆகவே மந்திரி பதில் சொல்ல வேண்டிய இடம் பிரதமர் அலுவலகம் மட்டுமல்ல. சென்னையிலும் ஹைதராபாத்திலும் குவாஹாட்டியிலும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இப்படிச் சேர்ந்த மந்திரி சபை பலவீனமாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். ஆட்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. உள்துறைக்கு இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் இந்திரஜித் குப்தா. கம்யூனிஸ்டுகள் மத்திய மந்திரி சபையில் சேர்ந்தது அதுவே முதல் தடவை, அதிலும் அவர்களை ஒரு காலத்தில் தேடிப் பிடித்துச் சிறையில் போட்ட இலாகா! பெரிய பங்களாவுக்குப் போகாமல் வெஸ்டர்ன் கோர்ட்டின் இரண்டு அறை ஜாகையிலேயே இருந்த மனிதர் அவர். பாதுகாப்பு முலாயம் சிங்கிடம், ரயில்வே பாஸ்வானிடம். நம்மவர்களில் நிதி ப. சிதம்பரம், தொழில்துறை முரசொலி மாறன், தரைவழிப் போக்குவரத்து டி.ஜி. வெங்கட்ராமன். பெட்ரோலியத்தில் டி.ஆர். பாலு, பாதுகாப்பில் என்.வி.என். சோமு, இருவரும் இணை அமைச்சர்கள். சோமு 1997 நவம்பர் 14 இல் அருணாசலப் பிரதேசத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் காலமானார்.

1997 பிப்ரவரி 28 இல் சிதம்பரம் போட்ட பட்ஜெட்டைச் சம்பளக்காரர்கள் மறக்க முடியாது. வருமான வரி விகிதங்கள் 15, 30, 40 என்றிருந்தவை 10, 20, 30 ஆயின. மேல் விகிதமான அந்த 30 இன்றும் நிற்கிறது. பட்ஜெட் நிறைவேறுவதற்கு முன்பே, மார்ச் 30 இல், காங்கிரஸ் தலைவர் சீதாராம் கேசரி ஆதரவை வாபஸ் வாங்கினார். தங்களைக் கலந்துகொள்வதில்லை என்பது காங்கிரஸின் குறை. ஏப்ரல் 11 இல் மக்களவையில் தேவ கௌடா தோற்றார்.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இனிமேல்தான் விடை. காங்கிரஸுக்கு அப்போது தேர்தல் வேண்டாம். ஆளை மாற்றுங்கள், மறுபடி ஆதரிக்கிறோம் என்றது. முன்னணி யோசித்தது. தேவ கௌடா போனால் எந்தக் கட்சி முன்னணியை விட்டுப் போகும்? எதுவும் போகாது. ஜனதா தளத்துக்கு இன்னொரு ஜனதா தளத்துக்காரர் வந்தால் சரி. மூப்பனார் பெயரும் பலமாக அடிபட்டது, ஆனால் அமையவில்லை. ஏப்ரல் 21 இல் குஜ்ரால் பதவியேற்றார், பெரும்பாலும் அதே மந்திரிகளோடு. த.மா.கா. மட்டும் சில நாள் வெளியே நின்றது. அதனால் நிதித்துறையைக் குஜ்ராலே வைத்திருந்தார். மே 1 இல் சிதம்பரம் திரும்பி வந்து தம் பட்ஜெட்டைத் தாமே நிறைவேற்றினார்.

அந்த வருஷம் நம் வீடுகளுக்கு வந்தது ஐந்தாவது சம்பளக் கமிஷன். அதன் தலைவரும் ஒரு தமிழர், நீதிபதி ரத்தினவேல் பாண்டியன். கடைநிலை ஊழியரின் அடிப்படைச் சம்பளம் 2,550 ரூபாய் என்று அரசாங்கம் முடிவு செய்தது. எங்கள் வீட்டில் முதல் ஃபிரிட்ஜ் வந்தது அந்த அரியர்ஸில்தான். அரசாங்கக் கஜானாவுக்கு அது பெரிய பாரம் என்று பொருளாதாரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள், அதுவும் உண்மை.

நவம்பரில் ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை பத்திரிகையில் கசிந்தது. ராஜீவ் காந்தி கொலையின் பின்னணியை விசாரித்த கமிஷன் அது. விடுதலைப் புலிகளுக்குத் தமிழ்நாட்டில் இடம் கொடுத்ததாக முந்தைய தி.மு.க. ஆட்சியை அறிக்கை குறை கூறியது. மாறன், வெங்கட்ராமன், பாலு மூவரையும் நீக்கு என்றது காங்கிரஸ். முன்னணி மறுபடி அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டது: இவர்கள் போனால் யார் போவார்கள்? தி.மு.க. முழுவதும் போகும். அதோடு நிற்காது. வெளியிலிருந்து ஒருவர் சொல்லி ஒரு மாநிலக் கட்சியை வெளியேற்ற முடியும் என்றால், நாளை தெலுங்கு தேசத்துக்கும் அசாம்காரர்களுக்கும் அதே கதிதான். அப்புறம் முன்னணி என்று எதைச் சொல்வது? அந்த மூவர்மேல் தனிப்பட்ட குற்றம் நிரூபணமாகவும் இல்லை. குஜ்ரால் மறுத்தார். நவம்பர் 28 இல் காங்கிரஸ் விலகியது, அவரும் அன்றே ராஜிநாமா செய்தார். அவரைப் பலவீனமான பிரதமர் என்பவர்கள் உண்டு. பதவியைக் காப்பாற்ற ஒரு கையெழுத்து போதும் என்ற நிலையில் அதைப் போடாதவரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அப்புறம் காங்கிரஸும் தி.மு.க.வும் பேசிக்கொள்ளவே இல்லையா மாமா?" என்று கேட்டாள் பெண். 2004 மே மாதத்து இதழ் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். மன்மோகன் சிங் தலைமையில் காங்கிரஸ் அமைத்த மந்திரி சபையின் பட்டியல் அதில் இருந்தது. நிதி, சிதம்பரம். கப்பல், சாலைப் போக்குவரத்து, டி.ஆர். பாலு.