எளிதில் முறியும் எலும்புகளோடு ஒரு பிள்ளையை வளர்ப்பது



குழந்தைகள் பிரிவைப் பார்க்க வருகிறவர்கள், தொடையில் மாவுக்கட்டோடு படுத்திருக்கும் சிறு பிள்ளையைக் கண்டால், "எங்கே விழுந்தான்?" என்று கேட்பது வழக்கம். "எங்கும் விழவில்லை, துணி மாற்றும்போது கால் முறிந்தது" என்று பதில் சொன்னால் பலரால் நம்ப முடிவதில்லை. அப்படி நம்ப முடியாதவர்களின் பார்வை மெல்லத் திரும்பிப் போய் நிற்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாயின் மேல்தான். இந்தப் பிள்ளைகளைப் பற்றியும், அவர்களை வளர்க்கிற பெற்றோரைப் பற்றியும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்பியே இதை எழுதுகிறோம்.

எலும்பில் என்ன குறை?

இந்த நோய்க்கு ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்று பெயர். எலும்பு சரியாக உருவாகாத நிலை என்பது இதன் பொருள். 1788-இல் ஸ்வீடன் நாட்டு இராணுவ மருத்துவர் எக்மன் என்பவர், ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எலும்புகள் எளிதில் முறிந்து வந்ததைப் பதிவு செய்தார். 1849-இல் டச்சு மருத்துவர் விரோலிக் இப்பெயரை இட்டார். பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் இந்நோயுடன் பிறக்கிறார்கள்.

வீடு கட்டும்போது கான்கிரீட் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இரும்புக் கம்பி கட்டி, அதன்மேல் சிமெண்டும் ஜல்லியும் கொட்டுவார்கள். எலும்பும் ஏறக்குறைய இப்படித்தான் அமைந்திருக்கிறது. கொலாஜன் என்ற புரத நார்கள் கம்பியாகவும், கால்சியம் முதலிய தாதுக்கள் சிமெண்டாகவும் இருக்கின்றன. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கொலாஜனை உண்டாக்கும் இரண்டு மரபணுக்களில் ஒன்றில் பிழை இருக்கிறது. கம்பி குறைவாகவோ கோணலாகவோ இருந்தால், எவ்வளவு சிமெண்ட் கொட்டினாலும் கட்டடம் உறுதியாகாது. கால்சியம் மாத்திரை மட்டும் கொடுத்து இந்நோயைச் சரிசெய்ய முடியாததற்குக் காரணம் இதுவே. வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸ் நோயிலும் கால் எலும்பு வளையும். ஆனால் அது மருந்தால் சீராகும். இரண்டையும் ஒன்றென்று எண்ணி மாதக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு.

கொலாஜன் எலும்பில் மட்டும் இருப்பதில்லை. ஆகவே அடையாளங்களும் பல இடங்களில் தெரியும். கண்ணின் வெள்ளைப்பகுதி நீலம் பாய்ந்ததுபோல் இருக்கலாம். பற்கள் பழுப்பாகிச் சீக்கிரம் தேயலாம். மூட்டுகள் தளர்ந்திருக்கும். தோலில் எளிதாக இரத்தக்கட்டு உண்டாகும். வயது ஏற ஏறக் காது மந்தமாவதும் உண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா அடையாளங்களும் இருக்கவேண்டும் என்பதில்லை.

1979-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் சில்லன்ஸ் இந்நோயை நான்கு வகையாகப் பிரித்தார். முதல் வகை இலேசானது. பள்ளி வயதில் சில முறிவுகளோடு நின்றுவிடக்கூடும். இரண்டாம் வகை மிகக் கொடியது. அக்குழந்தைகளில் பெரும்பாலோர் பிறந்த சில நாட்களில் அல்லது வாரங்களில் இறந்துவிடுகிறார்கள். மூன்றாம் வகையில் பிறக்கும்போதே முறிவுகள் இருக்கும்; கைகால்களும் முதுகும் வரவர வளையும். நான்காம் வகை இவற்றுக்கு இடைப்பட்டது. பின்னர் வேறு பல மரபணுக்களும் கண்டறியப்பட்டதால் வகைகளின் எண்ணிக்கை பெருகியிருக்கிறது. என்றாலும் மருத்துவர்கள் பெற்றோரிடம் பேசும்போது இன்றும் இந்த நான்கிலிருந்தே தொடங்குகிறார்கள்.

யார் செய்த குற்றம்?

எக்ஸ்ரே அறையிலிருந்து வெளியே வந்ததும் பெற்றோர் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி மருந்தைப் பற்றியது அல்ல. "நாங்கள் என்ன பாவம் செய்தோம்?" என்றுதான் கேட்கிறார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாய், கர்ப்பமாயிருக்கும்போது சரியாகச் சாப்பிடவில்லை, பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் தூக்கினாய் என்று வீட்டார் சொல்லும் பழிகள் அந்தக் கேள்விக்குப் பின்னால் நிற்கின்றன. பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைக் கண்டு சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான். அவனும் பாவம் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்பதே இயேசு அவர்களுக்குத் தந்த விடை என்று யோவான் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மருத்துவம் தரும் விடையும் அதற்கு விரோதமாக இல்லை.

பெரும்பான்மையான குடும்பங்களில் இந்நோய் தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வருகிறது. அல்லது இருவரும் நலமாயிருக்க, கருவாகும் வேளையில் மரபணுவில் புதிதாக ஏற்படும் மாற்றத்தால் வருகிறது. இதை உணவாலோ நடத்தையாலோ யாரும் உண்டாக்க முடியாது, தடுக்கவும் முடியாது. பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

இன்னொரு வகைப் பரம்பரையும் இருக்கிறது. தாயும் தந்தையும் ஒரே மரபணுவில் ஆளுக்கொரு பிழையைச் சுமந்துகொண்டு நலமாக இருப்பார்கள். பிள்ளைக்கு இரண்டு பிழையும் சேரும்போது நோய் வெளிப்படும். உறவுக்குள் மணம் செய்யும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுகிறது. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணப்பது நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கமாதலால், எங்கள் மருத்துவர்கள் இதைத் தவறாமல் விசாரிக்கிறார்கள். இவ்வகையில் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. ஆகவே அடுத்த குழந்தையை எண்ணும் முன் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து இதைக் கேட்கும்போது, வீட்டில் சொல்லப்பட்டுவந்த பல பழிகள் தாமாகவே விழுந்துபோவதைக் கண்டிருக்கிறோம்.

தூக்குவதும் குளிப்பாட்டுவதும்

எங்கள் தாதியர்கள் புதிய பெற்றோருக்கு முதலில் கற்றுக்கொடுப்பது பிள்ளையைத் தூக்கும் விதம். அக்குளில் கைகொடுத்துத் தூக்கக்கூடாது. கையையோ காலையோ பிடித்து இழுக்கக்கூடாது. துணி மாற்றும்போது இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்து உயர்த்தும் வழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. தொடை எலும்பு முறிவதற்கு அது போதும். அதற்குப் பதிலாக ஒரு கையின் விரல்களை விரித்துப் பிட்டத்தின் கீழ் கொடுத்து, மறுகையால் தலையையும் தோளையும் தாங்கி, உடல் முழுவதையும் ஒன்றாக, நிதானமாக உயர்த்தவேண்டும்.

பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைத் தம் காலின்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்துக் கைகால்களை உருவிவிட்டுக் குளிப்பாட்டுவது அன்பான வழக்கம்தான். இந்தக் குழந்தைகளுக்கு அது ஆபத்தானது. துண்டு விரித்த அகலமான தொட்டியில், இளஞ்சூடான நீரில், அழுத்தாமல் குளிப்பாட்டலாம். எண்ணெய் தடவலாம்; நீவி உருவக்கூடாது. பாட்டியையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவரச் சொல்கிறோம். காரணம் தெரிந்துவிட்டால் அவர்களைவிடக் கவனமாய் இருப்பவர்கள் வேறு யாரும் இல்லை.

படுக்கை சமமாக இருக்கவேண்டும். தலை ஒரே பக்கமாய்த் தட்டையாகாமலிருக்க அவ்வப்போது படுக்கும் பக்கத்தை மாற்றவேண்டும். சட்டை முன்புறம் திறப்பதாக, தளர்வாக இருப்பது நலம். கழற்றும்போது துணியை இழுக்கவேண்டுமே தவிரக் கையை இழுக்கக்கூடாது.

முறிந்துவிட்டால்

சிறு குழந்தை திடீரென வீரிட்டு அழுது, ஒரு கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டால் முறிவு என்றே எண்ணவேண்டும். அந்த உறுப்பை இருந்த நிலையிலேயே, மடித்த செய்தித்தாளோ அட்டையோ வைத்துத் தளர்வாகக் கட்டி அழைத்துவரவேண்டும். பேசத் தெரிந்த பிள்ளை "ஒடிந்துவிட்டது" என்று சொன்னால் நம்பவேண்டும். பத்துமுறை அனுபவித்த பிள்ளைக்கு அந்த வலி நன்றாகத் தெரியும்.

எக்ஸ்ரே எடுக்கும்போது உறுப்பைத் திருப்பி வைக்கும் வேலையைத் தாயிடம் விடுவது நல்லது. நோயின் பெயரும் விவரமும் எழுதிய மருத்துவரின் கடிதத்தைப் பெற்றோர் எப்போதும் கையில் வைத்திருக்கச் சொல்கிறோம். அறியாத மருத்துவமனையில், பிள்ளையை அடித்து முறித்துவிட்டார்கள் என்ற சந்தேகத்துக்கு ஆளாகாமலிருக்க அது உதவும்.

இப்பிள்ளைகளின் முறிவு பொதுவாக மற்றப் பிள்ளைகளுக்குப் போலவே கூடிவிடும். ஆனால் கட்டோடு நெடுநாள் படுத்திருந்தால் ஏற்கெனவே பலவீனமான எலும்பு இன்னும் மெலியும். மெலிந்த எலும்பு மறுபடி முறியும். எனவே கட்டு இலேசாகவும், எவ்வளவு குறைந்த நாட்கள் முடியுமோ அவ்வளவுக்கும் போடப்படுகிறது. நாட்டுக்கட்டு இறுக்கமாகப் போட்டு மாதக்கணக்கில் அசையாமல் கிடத்திய பிள்ளைகள் இந்தச் சுழலில் சிக்கியவர்களாக வந்து சேருகிறார்கள்.

மருந்தும் கம்பியும்

உயிருள்ள எலும்பு ஓயாமல் அரிக்கப்பட்டு, ஓயாமல் புதிதாகக் கட்டப்படுகிறது. பிஸ்பாஸ்போனேட் என்ற மருந்துகள் அரிக்கும் வேலையைக் குறைக்கின்றன. கனடாவின் மாண்ட்ரீல் நகரில் மருத்துவர் குளோரியோவும் அவர் குழுவினரும் கடுமையான நோயுள்ள பிள்ளைகளுக்குப் பாமிட்ரோனேட் மருந்தை நரம்பு வழியே கொடுத்து, 1998-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதன்பின் இச்சிகிச்சை உலகெங்கும் பரவிற்று. பாமிட்ரோனேட்டை சில மாதங்களுக்கு ஒருமுறை, தொடர்ந்து மூன்று நாட்கள் ஏற்றுவார்கள். சோலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதும். முதல் தடவை காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம். இரத்தத்தில் கால்சியம் குறையக்கூடும் என்பதால் கால்சியமும் வைட்டமின் டி-யும் முன்னரே சரிபார்க்கப்படுகின்றன.

இம்மருந்தால் எலும்பின் அடர்த்தி கூடுகிறது. நசுங்கிய முதுகெலும்புகள் ஓரளவு வடிவம் பெறுகின்றன. முறிவுகள் எவ்வளவு குறையும் என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. கொலாஜனின் பிழையை இம்மருந்து நீக்குவதில்லை. இதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்கிறோம்.

வளைந்துபோன தொடை எலும்பு மீண்டும் மீண்டும் அதே இடத்தில் முறியும்போது அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. எலும்பைச் சில இடங்களில் வெட்டி நேராக்கி, நடுவே ஓர் உலோகக் கம்பியைச் செலுத்துவார்கள். 1959-இல் சோஃபீல்ட், மில்லர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் இம்முறையை விவரித்தார்கள். பிள்ளை வளர்ந்தால் கம்பி குட்டையாகிவிடுமே என்ற குறை இருந்தது. ஒன்றுக்குள் ஒன்று செருகி, எலும்போடு சேர்ந்து நீளும் கம்பிகள் வந்தபின் அடிக்கடி கம்பி மாற்றும் தேவை குறைந்திருக்கிறது.

அசையவிடுவது

இவையெல்லாவற்றிலும் கடினமானது பிள்ளையை அசையவிடுவதுதான். ஒருமுறை கையில் எலும்பு முறியும் ஓசையைக் கேட்ட தாய், பிள்ளையைப் பஞ்சில் பொதிந்து வைக்கவே விரும்புவாள். அவளைக் குறைசொல்ல யாராலும் முடியாது. ஆனாலும் தசை இழுக்கும்போதும் உடலின் பாரம் தாங்கும்போதும்தான் எலும்பு உறுதிப்படுகிறது. ஆகவே எங்கள் பிசியோதெரபி பிரிவில் குப்புறப் படுத்துத் தலை தூக்குவதிலிருந்து, உட்காருவது, நகர்வது, தாங்கியோடு நிற்பது என்று படிப்படியாகப் பழக்குகிறார்கள். தண்ணீரில் உடல் பாரம் குறைவதால் நீச்சல் இவர்களுக்கு மிக நல்ல பயிற்சி. நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி ஒரு தோல்வி அல்ல. அது அவர்களைத் தெருவுக்கும் வகுப்பறைக்கும் கொண்டுசேர்க்கிறது.

இப்பிள்ளைகளின் அறிவுக்கு இந்நோயால் குறை வருவதில்லை. பலர் படிப்பில் மிகச் சுட்டியானவர்கள். பள்ளி செய்யவேண்டியவை சிறியவை: தரைத்தளத்தில் வகுப்பறை, மணியடிக்கும் முன் ஐந்து நிமிடம் சீக்கிரம் அனுப்புவது, புத்தகப் பையைச் சுமக்க ஒரு தோழன், வழுக்காத கழிப்பறை. 2016-இல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளதாகச் சான்று பெற்ற 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உரிமை. சான்றிதழ் பெறப் பெற்றோருக்கு உதவுவதும் எங்கள் வேலையில் ஒரு பகுதி. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையிலும் இந்நோயும் அதற்கான பிஸ்பாஸ்போனேட் சிகிச்சையும் இடம்பெற்றிருக்கின்றன.

நெடுநாள் துணை

வாலிப வயதைத் தாண்டியபின் பலருக்கு முறிவுகள் குறைகின்றன. என்றாலும் பல், காது, முதுகு வளைவு, மூச்சு ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிக்கவேண்டும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் முறிவுகள் திரும்பவும் கூடலாம். பிரான்சில் பிறந்த மிஷேல் பெத்ருச்சியானி இந்நோயோடு வாழ்ந்து, உலகப் புகழ்பெற்ற ஜாஸ் பியானோ கலைஞராக விளங்கி, 1999-இல் தம் 36-ஆம் வயதில் மறைந்தார். எல்லாரும் அவர்போல் ஆகவேண்டும் என்பதில்லை. ஒரு பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வைத் தன் பள்ளியிலேயே உட்கார்ந்து எழுதினால் எங்களுக்கு அது பெரிய நாள்தான்.

ஒரு கண் அறுவை சிகிச்சைக்கு உதவுகிறவர் அடுத்த வாரமே பலனைக் காணலாம். இங்கே அப்படி இல்லை. ஒரே பிள்ளைக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் மருந்தும், கம்பியும், பயிற்சியும், பேருந்துக் கட்டணமும் தேவைப்படுகின்றன. இடையில் முறிவுகளும் வரும். முறிவு வந்ததால் நீங்கள் செய்த உதவி வீணாயிற்று என்று எண்ணவேண்டாம்.

உங்கள் ஊரில் சிறு காரணத்துக்கே எலும்பு முறியும் பிள்ளை இருந்தால், கண்ணின் வெள்ளை நீலமாயிருக்கிறதா என்று பாருங்கள். நீலமில்லை என்றாலும், எலும்பு மருத்துவரும் குழந்தை மருத்துவரும் உள்ள இடத்துக்கு அனுப்பிவையுங்கள். "எங்கே விழுந்தான்?" என்று தாயிடம் கேட்பதற்கு முன், பிள்ளையின் பெயரைக் கேளுங்கள்.

அன்புடன்,
மருத்துவமனைப் போதகர்