அதிகாலை 3 மணி, விழுப்புரம் பைபாஸ்... லாரி, டெலிவரி நண்பர்களே, எங்கே நிறுத்துறீங்க?

மதுரையில ராத்திரி 9 மணிக்கு லோடோட ஒரு லாரி சென்னைக்குக் கிளம்புதுன்னு வெச்சுக்குவோம். சராசரி வேகம் 50 கி.மீ. சுமார் 300 கி.மீ. ஓடி விழுப்புரம் பைபாஸைத் தொடும்போது மணி அதிகாலை 3. அங்கிருந்து முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம்னு அடுத்த 40 கி.மீ. பெரும்பாலும் நேரா, அகலமா போற ரோடு.

நம்ம உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரம் தூக்கத்தை ரொம்ப அழுத்திக் கேட்கிறது அதிகாலை 2 மணியிலிருந்து 5 மணிக்குள்ளதான். கண்ணு சொக்குற நேரமும் இந்த ரோட்டைக் கடக்குற நேரமும் ஒண்ணா வந்து நிக்குது. 80 கி.மீ. வேகத்துல ஒரு வண்டி நொடிக்கு 22 மீட்டர் நகரும். 4 நொடி கண் அசந்தா, கிட்டத்தட்ட 90 மீட்டர் தூரத்துக்கு வண்டியை யாருமே ஓட்டலைன்னு அர்த்தம்.

இவங்ககிட்ட போய் 'தினமும் வாக்கிங் போங்க, டயத்துக்குச் சாப்பிடுங்க'ன்னு சொன்னா சிரிப்பாங்க. நேரம் இவங்க கையில இல்ல. ஆனா, டீக்கடை, டோல்கேட், பெட்ரோல் பங்க், ஆர்டர் எடுக்கப் போற ஹோட்டல்னு நிறுத்தங்கள் தினமும் இருக்கு. புதுப் பழக்கத்தைக் கடிகாரத்தோட கட்டாம, இந்த நிறுத்தங்களோட கட்டிப் பாருங்க. அதுதான் நிலைக்கும்.

டீக்கு அப்புறம் 20 நிமிஷம்

காலையில 6 மணிக்கு எழுந்து, பகல்ல தூங்காம வண்டி எடுத்தவர், விழுப்புரம் வரும்போது 21 மணி நேரமா விழிச்சிருக்கார். 17 மணி நேரம் தூங்காம இருந்தாலே, 100 மி.லி. ரத்தத்துல 50 மி.கி. ஆல்கஹால் இருக்கிற அளவுக்கு மூளை மந்தமாகிடும்னு ஆய்வுகள் சொல்லுது. நம்ம சட்டம் டிரைவருக்கு அனுமதிக்கிற வரம்பே 30 மி.கி.தான். ஒரு சொட்டு குடிக்காமலே அந்த வரம்பைத் தாண்டிட்ட மாதிரிதான்.

முகம் கழுவுறது, பாட்டுச் சத்தத்தைக் கூட்டுறது, போயிலை அடக்கிக்கிறது எல்லாம் தூக்கத்தைக் கொஞ்ச நேரம் மறைக்கும், தீர்க்காது. டீயோ காபியோ குடிச்சு 20, 30 நிமிஷம் கழிச்சுதான் முழுசா வேலை செய்யும். அதனால டீயைக் குடிச்சதும் கிளம்பாம, அலாரம் வெச்சு 20 நிமிஷம் தூங்குங்க. எழும்போது ரெண்டும் சேர்ந்து கைகொடுக்கும். வண்டியை ரோட்டோரத்துல நிறுத்தாதீங்க. பின்னாடி வர்றவரும் தூக்கக் கலக்கத்துல இருக்கலாம். வெளிச்சமான பங்க், டோல்கேட் பக்கம் லாரிகள் நிறுத்துற இடம்தான் நல்லது. கிளம்புற அன்னைக்குப் பகல்லயே ரெண்டு மூணு மணி நேரம் தூங்கிட்டா இன்னும் பாதுகாப்பு.

இது உங்க உரிமையும்கூட. 2025 வரைக்கும் அமல்ல இருந்த 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி, 5 பேரோ அதுக்கு மேலயோ வேலை செஞ்ச நிறுவனத்துல ஒரு நாளைக்கு வேலை 8 மணி நேரமா இருந்துச்சு. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல ஓட்டச் சொல்லக் கூடாது; அதுக்குள்ள அரை மணி நேரமாவது ஓய்வு தரணும்னும் அந்தச் சட்டம் சொல்லியிருந்துச்சு.

ஒரு டீயில ஒரு ஸ்பூனைக் குறைங்க

ஒரு நாளைக்கு 8 டீ, டீக்கு 2 ஸ்பூன் சர்க்கரைன்னா, 16 ஸ்பூன் உள்ள போகுது. 6 ஸ்பூனுக்குள்ள இருந்தா நல்லதுங்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. டீயை நிறுத்த வேண்டாம். 'சக்கரை கம்மி'ன்னு சொல்லிப் பழகுங்க. கூட பிஸ்கட், மிக்சருக்குப் பதிலா அவிச்ச வேர்க்கடலை ஒரு கைப்பிடி. இந்த ஊர் கடலைக்கு ஒரு பெருமையும் இருக்கு. 'டி.எம்.வி.'ன்னு ஆரம்பிக்கிற நிலக்கடலை ரகங்கள்ல அந்த எழுத்துகள் குறிக்கிறதே திண்டிவனத்தைத்தான். இங்க இருக்கிற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்துல உருவானவை அவை.

ராத்திரி புரோட்டாவை வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு ஸ்டியரிங் பிடிச்சா தூக்கம் சீக்கிரமே வரும். ரெண்டு இட்லியோ சப்பாத்தியோ சாப்பிட்டுக் கிளம்பி, மிச்சப் பசிக்கு அடுத்த நிறுத்தம்.

ஹோட்டல் வாசல்ல அரை டம்ளர் தண்ணி

டெலிவரி பசங்களோட கஷ்டமே வேற. ஊருக்கெல்லாம் சாப்பாடு கொண்டுபோறவங்க, அவங்க சாப்பிடும்போது மணி 4 ஆகிடும். மதிய ஆர்டர் குவியறதுக்கு முன்னாடி, பதினொன்றரைக்கே சாப்பிட்டுடுங்க. பார்சலுக்காக ஹோட்டல்ல காத்திருக்கிற ஒவ்வொரு தடவையும் அரை டம்ளர் தண்ணி குடிங்க. மே மாச வெயில்ல கூடவே உப்பு போட்ட மோர், இளநீர். சிறுநீர் அடர் மஞ்சளா போனா தண்ணி பத்தலைன்னு அர்த்தம். பாத்ரூம் கிடைக்காதுன்னு தண்ணியே குடிக்காம இருக்கிறதும், அடக்கி வைக்கிறதும் கல், சிறுநீர்த் தொற்று வரைக்கும் கொண்டுபோய் விடும். உங்க ரூட்டுல எந்த பங்க்ல பாத்ரூம் நல்லா இருக்குன்னு நண்பர்கள் குரூப்ல பகிர்ந்துக்கோங்க. பையை முதுகுல சுமக்காம சீட்ல கட்டினா இடுப்பு வலியும் குறையும்.

மாத்திரை போட்டாச்சா? அப்போ சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது

இன்சுலினோ, சில சுகர் மாத்திரைகளோ எடுத்துட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டா, சர்க்கரை திடீர்னு இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், பார்வை மங்கும். ஓட்டும்போது இது நடந்தா ஆபத்து. உடனே ஓரமா பாதுகாப்பா நிறுத்திட்டு, 3 ஸ்பூன் சர்க்கரையோ ஜூஸோ எடுத்துக்கோங்க. டேஷ்போர்டுல எப்பவும் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும். சத்தமா குறட்டை விட்டு, எவ்வளவு தூங்கினாலும் பகல்ல சொக்குறவங்க, 'ஸ்லீப் ஆப்னியா' இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

பி.பி., சுகரை ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா பார்க்கலாம். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்துல, இந்த ரோட்டு மேலயே இருக்கு. 2021-ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பேரு இருந்தா, பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். நீங்க லைன்ல இருந்தாலும் வீட்ல வாங்கி வைப்பாங்க.

எல்லாத்தையும் நாளைக்கே ஆரம்பிக்க வேண்டாம். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு பழக்கம், ரெண்டு வாரம் பாருங்க. உங்க அப்பாவோ அண்ணனோ லாரி ஓட்டுறவங்களா? ஓட்டிக்கிட்டு இருக்கும்போது போன் பண்ணாதீங்க. கிளம்பறதுக்கு முன்னாடியே, 'எப்போ வருவீங்க?'ன்னு கேட்கிறதோட, 'வழியில எங்க தூங்குவீங்க?'ன்னும் கேட்டு வைங்க.