சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் குடிபோனால் நிஜமாகவே மிச்சமா?

‘அங்க போனா வாடகை பாதியாயிடும்’ - சென்னையை விட்டுக் கிளம்ப நினைப்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். வாடகை குறையும், சரி. ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை.

வேதகிரீஸ்வரர் மலைக்கோயிலும் சங்கு தீர்த்தமும் உள்ள திருக்கழுக்குன்றத்துக்கு ரயில் கிடையாது. சுமார் 14 கி.மீ. பஸ்ஸில் செங்கல்பட்டு போய், அங்கிருந்து மின்சார ரயில் பிடிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, வாடகையில் மாதம் 6,600 ரூபாய் மிச்சம். சென்னையில் உள்ள ஆபீஸுக்குப் போய்வர இப்போதைவிட தினமும் 3 மணி நேரம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். 22 நாளுக்கு 66 மணி நேரம். அதாவது, கூடுதலாகப் பயணிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கையில் நிற்பது 100 ரூபாய்தான். பஸ், ரயில் செலவைக் கழித்தால் இன்னும் குறையும். மாதம் 8 நாள் மட்டும் ஆபீஸ் என்றால் அதுவே 275 ரூபாய்!

வரியையும் மறந்துவிடக் கூடாது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, வீட்டு வாடகைப் படி விலக்கின் உச்சவரம்பு சென்னையில் குடியிருந்தால் சம்பளத்தில் 50 சதவீதம். இங்கே வந்தால் 40 சதவீதம்தான்.

அப்படியானால் யாருக்கு லாபம்? செங்கல்பட்டு, மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கும், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கும். தினமும் கிண்டி போகிறவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை இந்த வழியில் போய்ப் பார்ப்பது நல்லது.