குறையுள்ள பழைய கார்: கொள்ளலாமா, தள்ளலாமா?

மாட்டுச் சந்தைக்குச் செல்லும் உழவர், மாட்டை ஒரு முறை பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுவதில்லை. பல்லைப் பிடித்து வயது அறிகிறார், சுழி பார்க்கிறார், நடக்கவிட்டுக் கால் பார்க்கிறார். நெசவாளரும் அவ்வாறே. நூற்கட்டின் மேலுறையில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பாமல், ஒரு சிட்டத்தைப் பிரித்து இழையை முறுக்கிப் பார்த்த பின்னரே விலை பேசுகிறார். இத்துணை விழிப்புடைய நம் அங்கத்தினர்கள், பழைய மோட்டார் கார் வாங்கப் புகும்போது மட்டும் வண்ணப் பூச்சின் பளபளப்பிலும் விலையின் மலிவிலும் மயங்கிவிடுவது ஏன் என்பது சிந்திக்கத் தக்கது.

நம் பகுதிக்கு இந்த மயக்கம் சற்று அதிகமாகவே நேர்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரந்தான். அப்பெருநகரில் புதிய கார் வாங்குவோர் கழித்துவிடும் பழைய கார்கள் எல்லை கடந்து இங்கு வந்து விலை கூறப்படுகின்றன. ஒரு நல்ல பருவத்தில் கையில் நாலு காசு சேர்ந்தவுடன், தரகர் வந்து நிற்கிறார். 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டிற்று. அடுத்த இரண்டு மாதங்களில் அது பெரிதும் சரிந்ததையும் நாம் கண்டோம். ஏற்றத்தில் வந்த பணத்தைக் கொண்டு கார் வாங்கியவர், இறக்கத்தில் அதன் பழுதுச் செலவைத் தாங்க வேண்டியவராகிறார். ஆகவே இது காரைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. அடுத்த விதைப்புக்கும் அடுத்த பாவுக்கும் உரிய முதலைப் பற்றிய கேள்வியாகும்.

மலிவு எங்கிருந்து வருகிறது?

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். அவர் காட்டிய உண்மை எளியது. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நல்ல காரும் கெட்ட காரும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பதால், வாங்குபவர் இரண்டுக்கும் நடுத்தர விலையே தர முன்வருவார். அந்த விலை நல்ல காரின் சொந்தக்காரருக்குக் கட்டுப்படியாகாது. அவர் சந்தையை விட்டு விலகுகிறார். கெட்ட காரின் சொந்தக்காரரோ அதே விலையை ஆதாயமென்று கருதி முன்னே வருகிறார். நாளடைவில் சந்தையில் குறையுள்ளவையே மிகுதியாகின்றன. இந்தியக் கடைவீதியில் அரிசியில் கல் கலப்பதையும், நம் கிராமங்களின் வட்டிக்கடை நிலையையும்கூட அவர் இதே கட்டுரையில் எடுத்துக்காட்டினார். 2001-இல் அவருக்கு மற்றிருவருடன் சேர்த்துப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று: மலிவுக்கு ஒரு காரணம் இருந்தே தீரும். அக்காரணம் என்னவென்று கண்டுபிடிக்கும் வரை முன்பணம் கொடுத்தல் கூடாது. சில வேளைகளில் காரணம் காரிலேயே இராது. செவர்லே கார்கள் 2017 இறுதியோடு இந்தியாவில் விற்பனையிலிருந்து நீங்கின. அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014-இல் நின்றது. இத்தகைய கார்கள் நன்றாக ஓடக்கூடும். ஆயினும் ஒரு சிறு உதிரி பாகத்துக்காகப் பல நாள் காத்திருக்க நேரலாம். அத்துன்பமும் விலையின் ஒரு பகுதியே.

முதலில் தேவையைக் கணக்கிடுக

காரைப் பார்க்கப் போகுமுன் வீட்டிலேயே ஒரு கணக்குப் போடுவது நன்று. மாதத்துக்கு எத்தனை நாள் கார் தேவைப்படும்? மாதம் இரு முறை, ஒவ்வொரு முறைக்கும் 1,500 ரூபாய் வாடகை என்று கொண்டால், ஆண்டுக்கு 36,000 ரூபாய் ஆகிறது. சொந்தக் கார் வைத்தால் பெட்ரோல், காப்பீடு, பழுது, வட்டி, தேய்மானம் ஆகிய ஐந்தும் இத்தொகைக்குள் அடங்குமா என்று பார்க்க வேண்டும். அடங்காவிடில் வாடகைக் காரே சிக்கனமானது. மருத்துவமனைக்கு அடிக்கடி செல்ல வேண்டிய முதியோரோ நோயாளியோ வீட்டில் இருப்பின் கணக்கு மாறும். அதை யாரும் குறை கூற முடியாது.

இன்னொன்றையும் நினைவிற் கொள்க. சொந்த உபயோகத்துக்கெனப் பதிவான காரை வாடகைக்கு விடுவது சட்டத்துக்கு முரணானது. “நாலு சவாரி அடித்தால் போட்ட பணம் வந்துவிடும்” என்ற பேச்சை நம்பி வாங்குதல் தகாது.

குறைகள் மூவகை

குறை இல்லாத பழைய கார் என்று ஒன்று கிடையாது. குறை உண்டா என்று கேட்பதைவிட, எவ்வகைக் குறை என்று கேட்பதே அறிவுடைமை.

முதல் வகை, கண்ணுக்குத் தெரிந்து விலை மதிக்கக் கூடியவை. தேய்ந்த டயர், ஓய்ந்த பாட்டரி, கிழிந்த இருக்கை, கீறல் விழுந்த கதவு முதலியன. இவற்றின் செலவைக் கேட்டறிந்து விலையிற் கழித்துக்கொள்ளலாம்; இவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாம் வகை, செலவின் எல்லை தெரியாதவை. என்ஜினைப் பிரித்தாலன்றி அளவு தெரியாத கோளாறு, கியர்ப் பெட்டியின் கோளாறு, விபத்தில் வளைந்து நிமிர்த்தப்பட்ட சட்டம், வெள்ளத்தில் மூழ்கிய காரின் மின்கம்பிகள் ஆகியவை இவ்வகையின.

மூன்றாம் வகை, பத்திரங்களில் உள்ள குறை. கார் குதிரைபோல் ஓடினாலும், ஆவணம் சரியில்லையேல் அது உங்களுடையதன்று.

முதல் வகைக் குறையுள்ள காரைப் பேரம் பேசி வாங்கலாம். மற்ற இரு வகைக் குறையுள்ள காரை, எவ்வளவு மலிவாயினும், வணங்கிவிட்டுத் திரும்புதலே நலம்.

ஏற்றமே உரைகல்

காரைப் பகலில், காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும் வேளையில் சென்று பார்க்க வேண்டும். நீங்கள் வருமுன்பே சூடேற்றி வைத்திருந்தால், முதலில் கிளப்பும்போது தெரியக்கூடிய குறை மறைந்து போகும். புகையைக் கவனியுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் என்ஜின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிடில், குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசியக்கூடும். எண்ணெய் மூடியின் உட்புறம் மோர் போன்ற வெண்பசை படிந்திருப்பின் எண்ணெயும் நீரும் கலந்திருத்தல் கூடும். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் நேர்ச்சீரையும் சட்டத்தையும் ஐயுற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களைப் பற்றித் தனி எச்சரிக்கை தேவை. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2022 செப்டம்பரில் பெங்களூருவிலும் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. இத்தகையவற்றைத் துடைத்துச் சந்தைக்குக் கொண்டுவர இயலும். இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அதன் அடியில் தங்கியிருக்கும். தரைவிரிப்பின் கீழும், இருக்கைகள் நகரும் தண்டவாளத்திலும் துருவும் வண்டலும் உள்ளனவா என்று பாருங்கள்.

வெள்ளோட்டத்துக்கு நம் பகுதியைவிடச் சிறந்த இடம் தேட வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலும், ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும் உள்ளன. சூளகிரி வழியாக ஏறி வரும் சாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு காரை ஓட்டிப் பாருங்கள். ரேடியேட்டர் கொதித்தாலும், கிளச் வழுக்கினாலும் ஏற்றம் சொல்லிவிடும். திரும்பி இறங்கும்போது பிரேக்கின் நிலை வெளிப்படும். ஆகவே இறக்கத்தில் வேகம் வேண்டா. ஊர்த் தெருவில் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டுவதோடு விற்பவர் நிறுத்திக்கொள்ள விரும்பினால், அதையே ஒரு விடையாகக் கொள்ளலாம்.

தக்க மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்வது அவசியம். அவர் விற்பவருக்கோ தரகருக்கோ வேண்டியவராய் இருத்தலாகாது. அசோக் லேலண்ட் ஆலை 1980 முதல் ஓசூரில் வண்டி செய்து வருகிறது. வண்டி செய்யத் தெரிந்த கைகள் நிறைந்த ஊரில், வண்டியைச் சோதிக்க ஒருவர் கிடைக்காமற் போகார். அவருக்குக் கொடுக்கும் கூலி வீணாவதில்லை.

எல்லை கடந்து வரும் பத்திரம்

கர்நாடகப் பதிவுள்ள கார் கையெழுத்தினால் மட்டும் நமதாகிவிடாது. முதலில் அங்குள்ள பதிவு அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று பெற வேண்டும். அதற்குரியது படிவம் 28. உரிமை மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள் தேவை. கடனில் வாங்கிய காராயின், கடன் தீர்ந்தமைக்குப் படிவம் 35-இல் கடன் கொடுத்த நிறுவனத்தின் கையொப்பம் வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவின்படி, வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற்றாக வேண்டும். வரியோ தனி. கர்நாடகத்தில் ஆயுட்கால வரி கட்டியிருந்தாலும், தமிழ்நாட்டு வரியை வண்டியின் வயதுக்கேற்பக் கட்ட நேரும். அங்கே கட்டியதில் எஞ்சிய பகுதியைத் திரும்பக் கேட்க வழியுண்டு. ஆயினும் வருமென்று அதை முன்கூட்டியே கணக்கில் சேர்க்கலாகாது.

காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின் சோதனைக்கு உட்படுத்திப் புதுப்பிக்க வேண்டும். இக்கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பதினாலு வயதுக் கார் மலிவாய் வருவதன் இரகசியம் சில வேளை இதுவேயாம்.

பதிவுப் புத்தகத்திலுள்ள என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் காரில் பொறித்தவற்றோடு ஒப்பிடுக. நிலுவை அபராதம் உண்டா என்றும் பார்த்துக்கொள்க. வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டைப் பெயர் மாற்ற விண்ணப்பித்தல் அவசியம்; தவறினால் சொந்தக் காரின் சேதத்துக்கு ஈடு கிடைப்பது அரிது.

விற்கும் அங்கத்தினரும் இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பெயர் மாற்றாமல் கைமாறிய கார் விபத்துக்குள்ளானால், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. விற்று ஆண்டுகள் சென்ற பின்னும் இப்பொறுப்பு நம்மைத் தேடி வரலாம்.

முழு விலை எது?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. விற்பவர் 1,20,000 ரூபாய் கேட்கிறார். டயர், கிளச், பாட்டரி வேலைக்கு 35,000, வரி, பதிவு மாற்றத்துக்கு 20,000, காப்பீட்டுக்கு 10,000, எதிர்பாராத பழுதுக்கு ஒதுக்க வேண்டியது 25,000. ஆக மொத்தம் 2,10,000 ரூபாய். உள்ளூர்ப் பதிவோடும் நல்ல நிலையிலும் உள்ள மற்றொரு காரின் விலை 1,80,000, காப்பீடு 10,000, சில்லறைச் செலவு 10,000. மொத்தம் 2,00,000 ரூபாய். அறுபதாயிரம் மலிவு என்று தோன்றிய கார், முடிவில் பத்தாயிரம் அதிகமாகிவிட்டது! தொகைகள் காருக்குக் கார் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

விற்பவர் பெரும்பாலும் ஒரு வாக்கியம் சொல்வார்: “சின்ன வேலைதான் அண்ணே, ஐயாயிரத்தில் முடிந்துவிடும்.” அதற்குத் தக்க மறுமொழி இது: “அப்படியானால் நீங்களே அந்த வேலையை முடித்துக் கொடுங்கள் தம்பி, ஐயாயிரத்தையும் விலையோடு சேர்த்துத் தருகிறேன்.” வேலை உண்மையில் சிறியதாயின் அவர் இசைவார். தயங்கினால் அது சின்ன வேலையன்று என்பது விளங்கிவிடும்.

எந்நிலையிலும் பயிருக்கென்றோ நூலுக்கென்றோ பெற்ற கடனை இதில் இடுதல் கூடாது. அப்பணம் விளைந்து திரும்ப வேண்டிய பணம். கார் விளைவதில்லை, தேய்கிறது. வாங்குவதென்று துணிந்தால், சங்கத்தில் ஏற்கெனவே பழைய கார் வாங்கி அனுபவப்பட்டவர் இருவரையேனும் கலந்து கொள்க. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாமையே இச்சந்தையின் கேடு என்று கண்டோம். ஒருவர் பட்டறிந்ததை மற்றவருக்குச் சொல்வதால் அக்கேடு குறையும். இன்றைய கார் போனால் நாளை வேறொன்று வரும். கையில் முதல் இருக்குமாயின் அப்போதும் வாங்கலாம்.